முதல் பயணத்துக்குப் பணம் கிடைக்கும், மூன்றாவது பயணத்துக்கு?

நாகப்பட்டினம் பக்கம் கல்யாண ஆர்டர் எடுக்கும் ஒரு புகைப்படக்காரர் கேட்டிருக்கிறார். சில வருடங்களாக, முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கடலரிப்பைப் படமெடுத்து வருகிறாராம். கேள்வியின் சாரம் இது: காலநிலை மாற்றத்தை வருடக்கணக்கில் படமெடுக்கிறவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எடுத்ததை உடனுக்குடன் இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமா, இல்லை பூட்டிவைத்து ஒரு பெரிய கிராண்டுக்கு (நல்கைக்கு) அனுப்ப வேண்டுமா? இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் நடக்கிற காரியமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் ஒருவர் விமானம் ஏறி வந்து வங்காள விரிகுடாக் கரையில் சில நாள் தங்கிவிட்டுப் போவார். படம் அவர் பெயரில் வரும், வழிகாட்டிய உள்ளூர்க்காரர் பெயர் எங்கும் இருக்காது. இந்த வழக்கம் இன்னும் முழுக்க ஒழியவில்லை என்றாலும் உள்ளே நுழைய இப்போது வழிகள் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பணம்.

போரையோ தேர்தலையோ எடுக்கிறவருக்கு ஒரே படத்தில் விஷயம் முடிந்துவிடலாம். கடலரிப்பு அப்படி முடியாது. இன்றைக்கு எடுத்த கரையின் படம் வெறும் கரையின் படம்தான். ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் நின்று எடுத்த படம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் அது பேசத் தொடங்கும். ஆக இந்த வேலையில் பெரிய செலவு, திரும்பத் திரும்பப் போவதற்கு ஆகிற செலவு. நிதி தருகிறவர்களுக்கோ முதல் பயணம்தான் பிடிக்கும்: புது இடம், புது ஆள், புது அறிவிப்பு. அதே ஊருக்கு மூன்றாவது முறை போகிறேன் என்று எழுதினால், "இதைத்தான் ஏற்கெனவே எடுத்துவிட்டாரே" என்று தாளை நகர்த்திவிடுவார்கள். சில தேர்வுக் குழுக்களுக்காக முதல் சுற்றில் விண்ணப்பங்களைச் சலித்துக் கொடுத்திருக்கிறேன், இதைக் கண்ணால் பார்த்தவன். நிலைத்து நின்ற காலநிலைப் புகைப்படத் திட்டம் எதைப் பிரித்துப் பார்த்தாலும், மூன்றாவது பயணத்துக்குப் பணம் தேடிய கதைதான் உள்ளே இருக்கும்.

அமெரிக்கரான ஜேம்ஸ் பேலாக் இதற்குக் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழுக்காக, 2007 ஜூன் அட்டைக் கட்டுரைக்கு, அவர் உருகும் பனியாறுகளைப் படமெடுத்தார். பத்திரிகை வேலை முடிந்தால் பத்திரிகைப் பணமும் முடிந்துவிடும். அடிக்கடி போய்வர முடியாது என்றால் கேமராவையே அங்கே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று யோசித்தார். அப்படித்தான் அதே வருடம் 'எக்ஸ்ட்ரீம் ஐஸ் சர்வே' தொடங்கியது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா, மொன்டானா என்று பனியாறுகளைப் பார்த்தபடி பாறைகளில் கேமராக்களைப் பொருத்தினார்கள். ஒரு பெட்டி, ஒரு சோலார் பேனல், பேட்டரி, எப்போது க்ளிக் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு கன்ட்ரோலர். பகல் வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் அரைமணிக்கு ஒரு படம். ஒரு கேமராவுக்கு வருடத்துக்குச் சுமார் 8,000 படம். தொடக்கத்தில் கன்ட்ரோலர்கள் செயலிழந்து, மாதங்கள் கழித்துப் போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே படமே இல்லை என்கிற நிலைமையும் இருந்தது.

பேலாக்கின் சாமர்த்தியம் கேமராப் பெட்டியோடு நிற்கவில்லை. ஜேசன் பாக்ஸ், டாட் ஃபெஃபர் போன்ற பனியாற்று விஞ்ஞானிகளைத் தொடக்கத்திலேயே கூடச் சேர்த்துக்கொண்டார். ஒரே இடம், ஒரே கோணம், துல்லியமான நேரம் என்று எடுத்தால் படம் அளவீடாகிவிடுகிறது. அளவீடு என்றதும் கலைக்கு வெளியே இருக்கிற கதவுகளும் திறக்கின்றன. உங்களுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. கரையில் நான்கைந்து நிலைப்புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஜி.பி.எஸ். குறிப்போடு, கடல் ஏறுகிற நேரமா வற்றுகிற நேரமா என்பதையும் எழுதிவைத்து, வருடத்தில் அதே பருவங்களில் எடுத்து வாருங்கள். கடலோரப் பொறியியல் படிக்கிற ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு உங்கள் ஹார்ட் டிஸ்க் தங்கமாகத் தெரியும். (இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேலாக் குழுவின் மிகப் பிரபலமான காட்சி, 2008 மே 28 அன்று கிரீன்லாந்தின் இலுலிசாட் பனியாற்றில் 75 நிமிடம் நடந்த பெரும் உடைவு. சுமார் 7.4 கன கிலோமீட்டர் பனி பெயர்ந்து விழுந்தது. அதைப் பிடித்தது தானியங்கிக் கேமரா இல்லை, பனியோரத்தில் கூடாரம் போட்டுக் காத்துக் கிடந்த குழுவின் இரண்டு இளைஞர்கள்.)

முதல் பயணத்தைக் கடன் வாங்குகிற வழியும் ஒன்று உண்டு. மலையேறியும் ஒளிப்பதிவாளருமான டேவிட் பிரஷியர்ஸ் 2007இல் எவரெஸ்டின் வடபக்கம் போய், 1921இல் பிரிட்டிஷ் மலையேறி ஜார்ஜ் மல்லோரி ரோங்புக் பனியாற்றைப் படமெடுத்த இடத்தைத் தேடிப்பிடித்து அங்கேயே நின்று எடுத்தார். 86 வருட இடைவெளி ஒரே பயணத்தில் கிடைத்துவிட்டது. சைமன் நார்ஃபோக் என்ற புகைப்படக்காரர் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார். கென்யா மலையின் லூயிஸ் பனியாறு 1934இல் எங்கே முடிந்தது, அதற்குப் பின்வந்த வருடங்களில் எங்கே முடிந்தது என்பதை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, 2014இல் இரவில் அந்தக் கோடுகளின் மேலேயே பெட்ரோல் தீப்பந்தத்தோடு நடந்து, நீண்ட எக்ஸ்போஷரில் (கேமராவின் கண்ணை வெகுநேரம் திறந்துவைத்து) படமாக்கினார். பனி இருந்த விளிம்பில் நெருப்புக்கோடு. வரைபடத் தகவல், 'ப்ராஜெக்ட் பிரஷர்' என்ற, பனியாறுகளை ஆவணப்படுத்தும் தொண்டு அமைப்பின் வழியாக வந்தது. ஒருவர் மட்டும் நூறு வருடத்துக்குப் படமெடுக்க முடியாது, ஒரு அமைப்பால் அந்த இடைவெளியை இட்டுநிரப்ப முடிகிறது.

உங்களுக்கு மல்லோரி கிடைக்க மாட்டார். அதைவிட நல்லது கிடைக்கும். நீங்கள் கல்யாண வீடுகளுக்குள் போகிறவர். கடலோர ஊர்களில் பழைய ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த ஆல்பங்களில் மணமக்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள்: கரை, சவுக்குத் தோப்பு, மாதா கோயில், கட்டுமரம் ஏற்றிவைத்த மணல்மேடு. எந்த வருடம், எந்த இடம் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு மறக்காது. வெளியிலிருந்து வருகிற எந்தப் புகைப்படக்காரருக்கும் இந்த ஆல்பம் கைக்கு வராது.

இடத்துக்குப் பதிலாக நிகழ்வுக்குத் திரும்பத் திரும்பப் போனவர் கிடியன் மெண்டல். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்கிறவர். 2007இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரிலும் பிகாரிலும் சில வார இடைவெளியில் வந்த இரண்டு வெள்ளங்களைப் படமெடுத்தார். இரண்டு இடத்திலும் மக்களை அவரவர் வீட்டு வாசலில், வீட்டுக்குள், இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்து, கேமராவை நேராகப் பார்க்கச் சொன்னார். அதிலிருந்து பாகிஸ்தான், தாய்லாந்து, நைஜீரியா, ஜெர்மனி, காஷ்மீர், பிரேசில் என்று எங்கே வெள்ளம் வந்தாலும் பழைய ரோலிஃபிளெக்ஸ் ஃபிலிம் கேமராவோடு போய் அதே படத்தை எடுத்தார். பணக்கார நாடும் ஏழை நாடும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது பார்க்கிறவர் தப்பிக்க முடியாது. 'ட்ரௌனிங் வேர்ல்ட்' என்ற அந்தத் திட்டத்துக்கு பொலாக் பரிசு கிடைத்தது 2016இல், அதாவது தொடங்கி ஒன்பது வருடம் கழித்து.

விருதுகள் எல்லாமே இப்படித்தான். முடிந்த வேலைக்குக் கூலி கொடுக்கும், ஓடுகிற வேலைக்கு டீசல் போடாது. 2008இல் தொடங்கிய பிரீ பிக்டே விருதை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழலும் நீடித்த வாழ்வும் பற்றிய புகைப்படத்துக்கான பெரிய விருது, 1,00,000 சுவிஸ் ஃபிராங்க். 2023இல் அதை வென்ற கௌரி கில் ராஜஸ்தான் பாலைவனச் சமூகங்களை 1999இலிருந்து படமெடுத்து வந்தவர். அதற்கு நீங்களாக விண்ணப்பிக்கவும் முடியாது, பரிந்துரைப்பவர்கள் பெயர் சொல்ல வேண்டும். எனவே விருதைக் கணக்கில் வைத்து வீட்டு பட்ஜெட் போடாதீர்கள்.

துண்டு துண்டாகச் சேர்க்கிற கலையில் கைதேர்ந்தவர் என்றால் நெதர்லாந்தின் காடிர் வான் லோஹாய்சன்தான். 2011இல் தென்னமெரிக்காவின் தெற்கு முனையிலிருந்து அலாஸ்கா வரை ஒரு நீண்ட பயணம் போனபோது, பனாமாவின் கரையோரத் தீவுகளில் குனா மக்கள் கடல் ஏறுவதால் ஊரைக் காலிசெய்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கிரிபாட்டி, ஃபிஜி, வங்கதேசம், மயாமி, தன் சொந்த நாடு என்று பத்து வருடம் போனார். செய்தியாளர்களுக்கு நிதி தரும் அமெரிக்காவின் புலிட்சர் மையம் போன்ற இடங்களிலிருந்து ஒரு பகுதிக்கு ஒரு நிதி. அதே வேலை பத்திரிகைக் கட்டுரையாக வந்தது, ஆம்ஸ்டர்டாமின் கடல்சார் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வந்தது, 2021இல் புத்தகமானது. இடையில் 2018இல் ரஷ்யப் புகைப்படக்காரர் யூரி கோசிரேவோடு சேர்ந்து கார்மின்யாக் விருதின் 50,000 யூரோவில் ஆர்க்டிக் முழுவதும் சுற்றினார். இது விருது என்ற பெயரில் இருந்தாலும் உண்மையில் முன்பணம். கருப்பொருளை அவர்கள் அறிவிப்பார்கள், திட்டத்தைப் பார்த்துப் பணம் தருவார்கள், திரும்பி வந்ததும் கண்காட்சியும் புத்தகமும் போடுவார்கள். குனா தீவுகளில் ஒன்றான கார்டி சுக்டுப்பிலிருந்து சுமார் 300 குடும்பங்கள் நிலப்பகுதிக்கு மாறியது 2024 ஜூனில். உலகப் பத்திரிகைகள் அப்போதுதான் மொத்தமாக அங்கே போய் இறங்கின.

அமெரிக்காவில் இன்னொரு ஏற்பாடு உண்டு. புகைப்படக்காரர் தனியாள், அவருக்குத் தரும் நன்கொடைக்கு வரிவிலக்கு கிடையாது. பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனம் அவருடைய திட்டத்தைத் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டால் கிடைக்கும்; நிறுவனம் நிர்வாகச் செலவுக்கு ஒரு சிறு விழுக்காடு பிடித்துக்கொள்ளும். சியாட்டிலில் 1996இல் தொடங்கிய புளூ எர்த் அலையன்ஸ் இதைச் செய்கிறது. காலநிலைப் புகைப்படத்தில் முன்னோடியான கேரி பிராஷ் தன் உலகளாவிய திட்டத்தை இதன் வழியாகத்தான் நடத்தினார். பனி, பவளம், பறவை, விஞ்ஞானிகள் என்று கிட்டத்தட்ட இருபது வருடம். 2016 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், பவளம் வெளுப்பதைப் படமெடுக்கப் போன இடத்தில் இறந்தார்.

கிரவுட்ஃபண்டிங், அதாவது இணையத்தில் பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டுவது பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. புகைப்பட இதழியலுக்கென்றே 2011இல் தொடங்கிய எம்ஃபஸிஸ் என்ற தளம் பெரிய ஆரவாரத்தோடு வந்தது, 2013இல் திவாலானது. கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது. இங்கே இருக்கிற தளங்களில் மருத்துவச் செலவுக்குத் தருகிற மனசு, மூன்றாவது முறை கரையைப் படமெடுப்பதற்கு வராது. முடிந்த வேலையைப் புத்தகமாக்க முன்பதிவு வாங்குவதற்கு மட்டும் அது பயன்படும்.

அப்புறம், யார் பணம் என்கிற கேள்வி. பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியாவோ சல்காடோவின் 'ஜெனசிஸ்', கறைபடாத பூமியைத் தேடி 2004இலிருந்து சுமார் எட்டு வருடம் எடுத்த படங்கள். அதன் உலகக் கண்காட்சிக்கு ஸ்பான்சர் பிரேசிலின் சுரங்க நிறுவனம் வாலே. 2013இல் லண்டனில் கண்காட்சி திறந்தபோதே எதிர்ப்பு இருந்தது. 2015 நவம்பர் 5 அன்று வாலேயும் பி.எச்.பி. என்ற இன்னொரு சுரங்க நிறுவனமும் கூட்டாக வைத்திருந்த சமார்கோ நிறுவனத்தின் கழிவணை பிரேசிலின் மரியானாவில் உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். சேறு ரியோ டோசி ஆற்றில் இறங்கியது. சல்காடோவும் அவர் மனைவி லேலியாவும் 1998இலிருந்து காடு வளர்த்துவந்த நிலம் அதே ஆற்றின் படுகையில்தான் இருக்கிறது. வாலே பணம் வாங்கியதால் அந்தப் படங்கள் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பற்றி எழுதுகிற எவரும் இந்தப் பத்தியையும் எழுத வேண்டியிருக்கிறது. பிக்டே ஒரு வங்கி, கார்மின்யாக் ஒரு முதலீட்டு நிறுவனம். லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் எண்ணெய் நிறுவனமான பி.பி.யோடு இருந்த ஸ்பான்சர் உறவை 2022இல் முடித்துக்கொண்டது. சுத்தமான பணம் என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தால் நீங்கள் வேலையே செய்ய முடியாது. நான் வைத்திருக்கிற அளவுகோல் சின்னது: படத்தில் இருக்கிறவரிடம் போய், இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது இன்னார் என்று தயங்காமல் சொல்ல முடியுமா? உங்கள் கரையில் துறைமுகமோ அனல்மின் நிலையமோ நடத்துகிற நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி உங்களைத் தேடிவரும். அப்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.

இனி பகிர்வது. டோக்கியோவில் வாழ்கிற அமெரிக்கர் ஜேம்ஸ் விட்லோ டெலானோ 2015இல் இன்ஸ்டாகிராமில் 'எவ்ரிடே கிளைமேட் சேஞ்ச்' பக்கத்தைத் தொடங்கினார். அதற்கு மூன்று வருடம் முன்பு 'எவ்ரிடே ஆப்பிரிக்கா' தொடங்கிவைத்த வழி அது: பேரழிவை மட்டும் காட்டாமல் அன்றாடத்தைக் காட்டுவது, பல நாட்டுப் புகைப்படக்காரர்கள் ஒரே பக்கத்தில் போடுவது. இதில் பணம் கிடையாது. ஆனால் துருவத்தில் மட்டும் நடக்கிற விஷயம் என்ற நினைப்பை உடைத்து, எல்லாக் கண்டங்களிலும் இன்றைக்கே நடக்கிறது என்று அது காட்டியது. படத்தொகுப்பாளர்களுக்கு, எந்த ஊரில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் இடமாகவும் இந்த மாதிரிப் பக்கங்கள் ஆகின்றன.

2016இல் பிரிட்டனின் கிளைமேட் அவுட்ரீச் என்ற அமைப்பு, 'கிளைமேட் விஷுவல்ஸ்' என்ற பெயரில் ஒரு ஆய்வை வெளியிட்டது. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா மூன்று நாட்டு மக்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். பனிக்கரடி, புகைபோக்கி என்றால் எல்லாருக்கும் உடனே புரிகிறது, ஆனால் சலித்துப்போயிருக்கிறது. அரசியல்வாதிகள் கைகுலுக்கும் படத்தை யாரும் நம்புவதில்லை. போஸ் கொடுக்காத உண்மையான மனிதர்கள், தங்கள் வாழ்விடத்தில் எதையோ சமாளித்துக்கொண்டிருக்கும் படம்தான் நிற்கிறது. 2019 அக்டோபரில் கார்டியன் நாளிதழும், பனிக்கரடியைக் குறைத்து மனிதர்களைக் கூட்டுவோம் என்று தன் படக் கொள்கையை மாற்றியது. 2021இல் கிளைமேட் விஷுவல்ஸும், டெட் உரைகளை நடத்துகிறவர்களின் காலநிலை முயற்சியான டெட் கவுன்ட்டவுனும் உலகெங்கும் அழைப்பு விட்டு 100 படங்களைத் தேர்ந்தெடுத்து, எடுத்தவருக்கு உரிமத் தொகை கொடுத்து, பிறகு தொண்டு நிறுவனங்களும் ஊடகங்களும் கல்வியாளர்களும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்டன. பகிர்வதா பணமா என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டீர்களே, அந்த இரண்டையும் சேர்க்கிற வழி இது. ஒருவர் கொடுத்துவிடுகிறார், எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பகிர்வதில் ஒரு ஆபத்து உண்டு, அது உங்கள் விஷயத்தில் ரொம்பப் பொருந்தும். 2017இல் கனடாவின் சாமர்செட் தீவில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய ஒரு பனிக்கரடியை பால் நிக்லன், கிறிஸ்டினா மிட்டர்மேயர் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் பதிவு செய்தார்கள். நேஷனல் ஜியாக்ரஃபிக் அந்த வீடியோவை, காலநிலை மாற்றம் என்றால் இதுதான் என்று தொடங்கும் வரிகளோடு வெளியிட்டது. சுமார் 250 கோடிப் பேரை அது எட்டியதாக மதிப்பிட்டார்கள். அந்தக் குறிப்பிட்ட கரடி ஏன் பட்டினி கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, நோயாக இருக்கலாம், காயமாக இருக்கலாம் என்று கேள்விகள் கிளம்பின. அடுத்த வருடம் அந்த வரிகள் எல்லை மீறிவிட்டதாக இதழே ஒப்புக்கொண்டது, மிட்டர்மேயரும் முழுக் கதையைச் சொல்லாமல் விட்டதைப் பற்றி எழுதினார். காலநிலை மாற்றமே இல்லை என்கிறவர்களுக்கு அது வருடக்கணக்கில் தீனி.

இப்போது உங்கள் கடலரிப்புக்கு வாருங்கள். நம் கிழக்குக் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் ஒரு அலைத்தடுப்புச் சுவர் வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அறுக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை போனதும் இப்படித்தான். புதுச்சேரி நகரக் கடற்கரை காணாமல் போனதற்கும் 1980களின் கடைசியில் வந்த துறைமுகச் சுவர்கள் முக்கியக் காரணம். ஆறுகளில் அணை கட்டியதால் கடலுக்கு வரும் வண்டல் குறைந்தது, மணல் அள்ளியது, ஒரு ஊரில் போட்ட தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடும் கல்சுவர்) அடுத்த ஊர்க் கரையை அறுப்பது, இதெல்லாம் கூடவே இருக்கிறது. கடல்மட்டம் உயர்வதும் புயலின் சீற்றமும் இவற்றின் மேல் வந்து சேர்கின்றன. "காலநிலை மாற்றத்தால் கடலுக்குள் போன வீடு" என்று ஒரே வரியில் படவிளக்கம் எழுதினால் வெளிநாட்டு நடுவருக்குப் பிடிக்கும், ஊர்க்காரர் ஒருவர் சிரிப்பார். அவருக்குத் தெரியும், எந்த வருடம் எந்தச் சுவர் வந்தது என்று. அதையும் படவிளக்கத்தில் எழுதுங்கள். கதை சிக்கலாகும், வலுவும் கூடும். தேர்வுக் குழுவில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த ஒரு பத்திக்காகவே உங்கள் தாளை மேலே எடுத்துவைப்பார்.

சரி, நம் ஊர்க்காரர்களுக்கு என்ன வழி? மூன்றாவது பயணத்துக்கு இதுவரை நான் பார்த்ததில் மிக எளிய தீர்வு சம்பளம். பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி, அதாவது ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகம், எம்.பழனிக்குமாரைத் தன் பணியாளர் புகைப்படக்காரராக வைத்திருக்கிறது. 2019இல் ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரின் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி அவர் செய்த பதிவு, பாரியின் காலநிலை மாற்றத் தொடரில் வந்தது. பாசி குறைவதையும் கடலின் போக்கு மாறுவதையும் தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்கிற அந்தப் பெண்களின் வாயாலேயே கேட்கலாம். அந்தத் தொடருக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவு இருந்தது. பழனிக்குமாருக்கு 2020இல் சம்யக் திருஷ்டி, ஃபோட்டோ சவுத் ஏசியா நல்கையும், 2021இல் ஆம்ப்ளிஃபை நல்கையும், 2022இல் முதல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதும் கிடைத்தன. தெற்காசிய நல்கைகளைத் தொடர்ச்சியாகப் பெற்று, தமிழில் பேசுகிறவர்களைத் தமிழிலேயே பேசிப் படமெடுக்கிற ஒருவர் நம் கண்ணெதிரே இருக்கிறார். பாரியின் படைப்புகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதும் தமிழ் உட்படப் பல மொழிகளில் வருவதும், படமெடுக்கப்பட்டவர்களே அதைப் படிக்க முடிகிறது என்பதும் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பாரிக்கு வெளியிலிருப்பவர்களும் அங்கே எழுதலாம், படம் கொடுக்கலாம். சுற்றுச்சூழல் செய்திக்கென்றே சிறிய நல்கைகள் தருகிற எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க்கையும் கவனித்து வாருங்கள். வளரும் நாட்டுச் செய்தியாளர்களுக்கென்றே 2004இல் தொடங்கியது அது.

வெளிநாட்டுப் பணம் என்றதும் ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ., உங்களையும் தொடும். பதிவுபெற்ற செய்தித்தாளின் நிருபர், பத்தி எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட், ஆசிரியர் போன்றவர்கள் வெளிநாட்டு நன்கொடை பெறவே கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி பெற்ற ஒரு தொண்டு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்குக் கைமாற்றவும் முடியாது. அதனால் அமெரிக்காவில் சொன்னேனே, குடை ஏற்பாடு, அது வெளிநாட்டுப் பணத்துக்கு இங்கே நடக்காது. ஆனால் நீங்கள் தொழிலாகச் செய்கிற வேலைக்குக் கட்டணமாக வருகிற பணம் நன்கொடைக் கணக்கில் சேராது. ஆகவே ஒப்பந்தத்தில் 'நன்கொடை' என்று எழுதியிருக்கிறதா, இத்தனை படங்களை எடுத்துத் தருவதற்கான 'கட்டணம்' என்று எழுதியிருக்கிறதா என்பது முக்கியம். வங்கியும் எந்தக் காரணத்துக்கான பணம் என்று குறியீடு கேட்கும். பணம் வருவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். வந்தபின் பார்த்தால் அவரும் கையைப் பிசைவார்.

விண்ணப்பத்தில் நான் தேடுவது இதைத்தான். இருபது படத்தில் இரண்டாவது வருகை தெரிகிறதா? ட்ரோன் படமாக அடுக்கியிருந்தால் எனக்குச் சலிப்பு தட்டும். மேலிருந்து பார்த்தால் எல்லா ஊர்க் கரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பட்ஜெட்டில் திரும்பிப் போகிற செலவைத் தனி வரியாகப் போட்டு, ஏன் அந்த மாதத்தில் திரும்ப வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதியவர் வேலை தெரிந்தவர். படகுக்கு டீசல், கூட வருகிற ஊர்ப் பையனுக்குக் கூலி, இரண்டு ஹார்ட் டிஸ்க், படத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பிரிண்ட், உங்கள் சம்பளம், எல்லாவற்றையும் போடுங்கள். சம்பளத்தைப் போடாமல் விட்டால் தியாகி என்று யாரும் நினைக்கப் போவதில்லை, கணக்குத் தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள். ஒரு கல்யாண சீசனில் நீங்கள் இழக்கிற ஆர்டர்களின் மதிப்பு உங்களுக்குத்தான் தெரியும், அதிலிருந்து உங்கள் நாள் கட்டணத்தைப் போடலாம். போட்டிகளின் விதிமுறையில் உரிமம் பற்றிய பத்தியைப் படிக்காமல் எதற்கும் அனுப்பாதீர்கள். நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, அனுப்பிய எல்லாப் படத்தையும் காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையையும் கேட்கிறவர்கள் உண்டு.

இன்ஸ்டாகிராமா பூட்டிவைப்பதா என்றால், கொஞ்சமாகத் தொடர்ந்து போடுங்கள், ஊர்ப்பெயரும் தேதியும் காரணமும் சேர்த்து. ஒரு முழுக் கதையாக நிற்கிற பத்துப் பதினைந்து படத்தை மட்டும் முதல் வெளியீட்டுக்கு ஒதுக்கிவையுங்கள், சில பத்திரிகைகள் அதைக் கேட்கும். ஆனால் முதல் கண்காட்சியை ஊரிலேயே வையுங்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவரிடம் கொடுத்தால் பெரிய செலவில்லை. மீன் ஏலக்கூடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய இடம், புதிய இடம் ஜோடி ஜோடியாக. முதல் நாளே நாலு பேர், தேதி தப்பு, அந்தச் சுவர் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் வீட்டில்தான் அடுத்த ஆல்பம் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நிலைப்புள்ளிகளில் ஒரு சுற்று எடுத்து முடித்துவிட்டு, முதலில் தெற்காசிய நல்கைகளுக்கு விண்ணப்பியுங்கள். பெரிய வெளிநாட்டு நிதிகள் பலவும், இதை யார் வெளியிடப் போகிறார்கள் என்று ஒரு ஊடகத்தின் கடிதம் கேட்கும். உள்ளூரில் ஒரு முறை வெளிவந்த வேலை கையில் இருந்தால் அந்தக் கடிதம் வாங்குவது பாதி சுலபம்.